மயக்க மருந்தை அளந்து கொடுத்த டாக்டர் ஜான் ஸ்நோ

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்க மருந்து பெற்று, சிறிய ஆபரேஷன் ஒன்றைச் செய்துகொண்டு, மாலையில் வீடு திரும்புவது இன்று சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. ஆபரேஷன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குக் கொடுக்கும் மயக்கம் சிறியதல்ல. நோயாளி வலி தெரியாமல் உறங்க வேண்டும். உரிய நேரத்தில் விழிக்க வேண்டும். வாந்தியும் தலைச்சுற்றலும் இல்லாமல் எழுந்து நடக்க வேண்டும். இந்த மூன்றையும் அளந்து பார்த்து ஆராய்ந்த முதல் மருத்துவர்களில் தலையாயவர் ஜான் ஸ்நோ.

காலரா தண்ணீர் மூலம் பரவுகிறது என்று காட்டியவர் என்ற முறையில் அவர் பெயர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் ஜீவனம் நடத்தியது மயக்க மருந்து கொடுக்கும் தொழிலில்தான்.

உழைப்பாளி வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813 மார்ச் 15ந் தேதி, ஒன்பது குழந்தைகளில் மூத்தவராக ஸ்நோ பிறந்தார். தந்தை கூலி வேலை செய்து முன்னுக்கு வந்தவர். 1827ல், பதினான்காம் வயதில், நியூகாசில் நகரத்து சர்ஜன் ஒருவரிடம் ஸ்நோ தொழில் பழகச் சேர்ந்தார். 1831ல் அப்பகுதியில் காலரா பரவியபோது, கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க அந்த இளைஞரை அனுப்பினார்கள்.

பதினேழு வயதில் அவர் புலால் உண்பதை விட்டார். மதுவையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தார். 1836ல் லண்டனில் மருத்துவம் படிக்கப் புறப்பட்டவர், வழி நெடுகக் கால்நடையாகவே சென்று சேர்ந்தார். 1838ல் தகுதி பெற்று, சோஹோ பகுதியில் பிரித் தெருவில் வைத்தியசாலை அமைத்தார். 1844ல் எம்.டி. பட்டம் பெற்றார். பேச்சில் கூச்சம், செல்வாக்குள்ள உறவினர் எவரும் இல்லாமை ஆகிய காரணங்களால் நோயாளிகள் அதிகம் வரவில்லை.

கிடைத்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. மூச்சு எப்படி நடக்கிறது, அது எப்படி நிற்கிறது என்பதை ஆராய்ந்தார். மூச்சுவிடாமல் பிறக்கும் சிசுக்களைப் பிழைக்க வைப்பது பற்றி 1841ல் மருத்துவர் சங்கத்தில் கட்டுரை படித்தார். பின்னால் வந்த பெரிய வேலைக்கு இதுவே அஸ்திவாரமாயிற்று.

ஈதர் வந்த கதை

1846 அக்டோபர் 16ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் ஆவியைக் கொடுத்து வலி தெரியாமல் ஆபரேஷன் நடத்த உதவினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே லண்டனிலும் அது கையாளப்பட்டது. எங்கும் ஒரே பரபரப்பு. ஆனால் ஈதர் சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. சிலர் மயங்காமல் துள்ளினார்கள். காரணம் புரியாமல் பல சர்ஜன்கள் அதைக் கைவிட நினைத்தார்கள்.

ஸ்நோ காரணத்தைக் கண்டுபிடித்தார். காற்றின் வெப்பம் கூடினால் அது ஏற்கும் ஈதர் ஆவியின் அளவும் கூடும், குளிர்ந்தால் குறையும். ஆகவே ஒரே மருந்தை ஒரே கருவியில் வைத்துக் கொடுத்தாலும், அறையின் குளிருக்கு ஏற்ப நோயாளிக்குப் போய்ச் சேரும் அளவு மாறிவிடுகிறது. எந்த வெப்பத்தில் எவ்வளவு ஆவி என்பதை அட்டவணையாகவே 1847 ஜனவரியில் அவர் வெளியிட்டார். மருந்துக் கலத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வெப்பம் மாறாமல் காக்கும் கருவி ஒன்றையும் அமைத்தார்.

செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிக்கொள்ள வரும் வெளி நோயாளிகளுக்கு ஈதர் கொடுக்க அனுமதி கேட்டுப் பெற்றார். அங்கே அவர் கொடுத்த மயக்கம் தவறாமல் பலித்ததைக் கண்ட சர்ஜன்கள், பெரிய ஆபரேஷன்களுக்கும் அவரை அழைத்தார்கள். சில மாதங்களிலேயே லண்டனின் முதன்மையான மயக்க மருந்து வல்லுநர் ஆகிவிட்டார். 1847லேயே வெளிவந்த அவருடைய ஈதர் நூல், மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்து விளக்கியது.

சிறிய ஆபரேஷன், பெரிய இழப்பு

1847 நவம்பரில் எடின்பரோ டாக்டர் சிம்சன் குளோரபாரத்தை அறிமுகம் செய்தார். மணமுள்ளது, விரைவில் மயக்குவது, கருவி வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றினால் போதும். எல்லோரும் அதற்கு மாறினார்கள்.

மூன்று மாதம் கழியவில்லை. 1848 ஜனவரி 28ந் தேதி நியூகாசில் அருகே ஒரு வீட்டில், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகப் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் துணியில் குளோரபாரம் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டொரு நிமிஷங்களில் அவள் இறந்துவிட்டாள். அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சை அடைத்ததே காரணம் என்றார் சிம்சன். ஸ்நோ இதை ஏற்கவில்லை. துணியில் ஊற்றிக் கொடுக்கும்போது காற்றில் எவ்வளவு மருந்து கலக்கிறது என்பது கொடுப்பவருக்கே தெரியாது. அதுதான் ஆபத்து என்றார்.

பிராணிகளிடம் சோதனை செய்து இதை நிறுவ முயன்றார். காற்றில் 4 அல்லது 5 சதவீதம் குளோரபாரம் இருந்தால் மயக்கம் மெதுவாகவும் பத்திரமாகவும் வரும். 8 முதல் 10 சதவீதம் வரை ஏறினால் இருதயமே திடீரென்று நின்றுவிடக்கூடும் என்று கண்டார். குளோரபாரத்தால் நேர்ந்த 50 மரணங்களின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தார். பல் பிடுங்குதல், நகம் எடுத்தல் போன்ற அற்பமான சிகிச்சைகளிலும் உயிர் போயிருந்தது. சிறிய ஆபரேஷன்தானே என்ற அலட்சியத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

1848 முதல் சாகும்வரை, தாம் மயக்கம் கொடுத்த நோயாளிகளின் விவரங்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார். வயது என்ன, ஆபரேஷன் என்ன, எப்போது விழித்தார், வாந்தி எடுத்தாரா என்றெல்லாம் குறித்தார். குளோரபாரம் மட்டும் 4,000க்கு மேற்பட்ட தடவை கொடுத்தார். வயிறு நிறைந்திருக்கும்போது மயக்கம் கொடுக்கலாகாது. அடுத்த வேளை உணவுக்கு வயிறு தயாராகும் சமயமே ஏற்றது என்பது அவர் அனுபவத்தில் கண்ட முடிவு.

மகாராணியும் காலராவும்

1853 ஏப்ரல் 7ந் தேதி விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். அரண்மனையிலிருந்து ஸ்நோவுக்கு அழைப்பு வந்தது. கைக்குட்டையில் மிகச் சிறிய அளவாகக் குளோரபாரம் விட்டு, 53 நிமிஷம் கொடுத்தார். ராணி முழு நினைவிழக்கவில்லை. வலி மட்டும் தணிந்தது. இயற்கையான பிரசவத்துக்கு மயக்க மருந்தா என்று லான்செட் பத்திரிகை கண்டித்தது. 1857ல் ராணியின் கடைசிப் பிரசவத்துக்கும் ஸ்நோவே அழைக்கப்பட்டார்.

கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவ உலகம் நம்பியது. ஆவிகளுடனேயே பழகிய ஸ்நோவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. காற்றில் பரவும் ஆவி தூரம் போகப் போக வலுவிழக்க வேண்டும். காலராவோ அப்படிப் பரவவில்லை. 1854ல் சோஹோவில் பத்து நாட்களில் 500க்கு மேற்பட்டோர் மாண்டபோது, பிராட் தெருக் கைப்பம்பின் தண்ணீரே காரணம் என்று காட்டினார். செப்டம்பர் 8ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

கைவிட்ட மருந்து

குளோரபாரத்தின் குறைகள் அவருக்கு நன்றாகத் தெரியும். சீக்கிரம் தெளிய வைத்து, வாந்தியும் உண்டாக்காத வேறொரு மருந்தைத் தேடி வந்தார். அமிலீன் என்ற திரவம் அகப்பட்டது. முதலில் பிராணிகளிடம் சோதித்தார். பிறகு 1856 நவம்பரில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்தவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் விரைவில் தெளிந்து எழுந்தார்கள். வாந்தி அபூர்வம். வெளி நோயாளிகளுக்கு இதைவிட ஏற்ற மருந்து இல்லை என்று தோன்றியது.

ஆனால் 1857 ஏப்ரலில் அவர் கையாலேயே அமிலீன் பெற்ற ஒருவர் இறந்தார். ஜூலையில் இன்னொருவர் இறந்தார். 238 பேருக்குக் கொடுத்ததில் இரண்டு மரணம். இரண்டையும் அவர் மறைக்கவில்லை; முழு விவரங்களுடன் பத்திரிகையில் வெளியிட்டார். பிறகு தாமே பாராட்டி அறிமுகம் செய்த அந்த மருந்தைத் தொடவில்லை. சீக்கிரம் தெளிய வைப்பது நல்ல குணம். உயிருக்குப் பத்திரமாக இருப்பது அதற்கு முந்திய குணம் என்பதை அவர் செய்கையே காட்டியது.

முற்றுப்பெறாத வாழ்வு

1858 ஜூன் 10ந் தேதி, குளோரபாரம் பற்றிய பெரிய நூலை எழுதி முடிக்கும் தறுவாயில், பக்கவாதம் தாக்கியது. 16ந் தேதி உயிர் நீத்தார். வயது 45. திருமணம் செய்துகொள்ளவில்லை. நண்பர் ரிச்சர்ட்சன் அந்த நூலைப் பதிப்பித்து அவ்வாண்டே வெளியிட்டார். லான்செட் பத்திரிகை அவர் மறைவைச் சில வரிகளில் முடித்துக்கொண்டது. காலரா பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

குளோரபாரத்தால் இருதயம் நிற்குமா என்ற விவாதம் அவருக்குப் பின்னும் தொடர்ந்து, நம் நாட்டிலும் நடந்தது. 1888லும் 1889லும் ஐதராபாத்தில் டாக்டர் எட்வர்ட் லாரியின் முயற்சியில் ஆராய்ச்சிக் குழுக்கள் கூடின. இரண்டாவது குழுவுக்கு லண்டனிலிருந்து நிபுணரை வரவழைக்க நிஜாம் 1,000 பவுன் கொடுத்தார். மூச்சே முதலில் நிற்கும், இருதயம் அல்ல என்று அக்குழு முடிவு கூறியது. ஆனால் 1911ல் குட்மன் லெவி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், குளோரபாரத்தால் இருதயமே திடீரென்று நிலைகுலைந்து நிற்பதை நிரூபித்தார். ஸ்நோ காரணம் கூறியதில் மாறுபாடு இருந்தாலும், இருதயம் முதலில் நிற்கக்கூடும் என்று அவர் சொன்னது பொய்க்கவில்லை.

1909ல் கிளாஸ்கோ சர்ஜன் ஜேம்ஸ் நிகோல், 8,988 குழந்தைகளுக்கு வெளி நோயாளிகளாகவே ஆபரேஷன் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிய அனுபவத்தை வெளியிட்டார். அதன்பின் அந்த முறை உலகெங்கும் வளர்ந்தது. குளோரபாரமும் அமிலீனும் வழக்கொழிந்தன. ஆயினும் மயக்கக் கருவியில் ஆவியின் சதவீதத்தைத் திருகி அமைக்கும் ஒவ்வொரு முறையும், நோயாளி எப்போது விழித்தார் என்று குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும், யார்க் நகரத்து உழைப்பாளியின் மகன் போட்ட பாதையிலேயே மருத்துவ உலகம் நடக்கிறது.