ஃபூட் துரையும் மலைப் பிள்ளையாரும்

ஏற்காட்டிற்குக் காற்று மாற்றத்திற்காகச் செல்லும் நம்மவர் ஏரியைச் சுற்றுவர். சேர்வராயன் குகைக் கோவிலில் தேங்காய் உடைப்பர். காப்பித் தோட்டங்களைக் கண்டு மீள்வர். அவ்வூர் ஹோலி டிரினிடி ஆலயத்தில் கால் வைப்பார் மிகச் சிலரே. இந்நாட்டு மனிதனின் சரித்திரத்தைப் பல லட்சம் ஆண்டுகள் முன்னே கொண்டுபோன ஒருவரின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அந்நிய ராஜாங்கத்தின் உத்தியோகஸ்தர். ஆயினும் மறக்கத் தக்கவர் அல்லர். மனிதன் பிறக்கும்போதே மனிதனாகப் பிறக்கிறானா, அல்லது சமூகம் அவனை மனிதனாக்குகிறதா என்னும் வழக்கில் அவர் சேகரித்த கற்கள் முக்கியமான சாட்சிகள். ஆதலால் அவர் சரிதத்தை இன்று எழுதப் புகுந்தோம்.

ஃபூட் துரை 1834-ம் ஆண்டில் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ல், கம்பெனி ஆட்சி ஒழிந்து மகாராணியின் ஆட்சி தொடங்கிய அதே வருஷத்தில், இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். அவ்விலாகாவை ஏற்படுத்தியோருக்கு நிலக்கரியைப் பற்றியும் கனிப்பொருள்களைப் பற்றியும் கவலை இருந்ததேயன்றி, நம் முன்னோரைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. துரைக்கு இடப்பட்ட வேலை பாறைகளைப் படமாக வரைவது. வில்லியம் கிங் என்னும் சகாவுடன் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பகுதிகளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் தாம் ஓய்ந்து தங்கப்போகும் ஜில்லாவை அவர் வாலிபத்திலேயே அறிந்திருந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் தேசத்துச் சோம் நதிப் பள்ளத்தாக்கில், அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளோடு மனிதன் செய்த கற்கருவிகளும் கிடந்தன என்று பூஷே த பெர்த் என்பவர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். அவரை நகைத்தவரே பலர். 1859-ல் ஆங்கில அறிஞர்களான பிரஸ்ட்விச்சும் எவன்ஸும் நேரில் போய்ப் பார்த்து, அது மெய் என்று ஒப்பினர். அச்செய்தி ஃபூட் துரையின் மனத்தில் பதிந்திருந்தது. 1863 மே 30-ந் தேதி, பல்லாவரத்துப் பட்டாள மைதானத்தை அடுத்த சரளைக் குழியில், கையால் கொத்திச் செப்பனிட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவ்வருஷம் செப்டம்பரில் கிங் துரையோடு கொசஸ்தலையாற்றுப் பக்கம் சென்றபோது, அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்கள் பல அகப்பட்டன.

அப்போது அவருக்கு வயது 28. அந்தக் குழிக்கு அருகே எத்தனை ஆயிரம் பேர் நடந்திருப்பர்! பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணுக்கே அது ஆயுதமாகத் தெரிந்தது, ஏனையோருக்குச் சரளை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த அகழ்வாராய்ச்சியின் முடிவு 2011-ல் வெளிவந்தது. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அதனால் தெரியவந்தது. இவ்வளவு தொன்மையைத் துரையே கனவிலும் எண்ணியிருக்க முடியாது.

அந்தக் கைக்கோடரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லை எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு விசையோடு தட்டினால் எவ்வளவு சில்லு தெறிக்கும் என்று அறிந்து, இரு முகங்களிலும் மாறி மாறிக் கொத்தி, ஒரு முனை கூரும் மறுமுனை பிடியுமாகச் செய்திருக்கிறான் ஒருவன். ஒருவன் மட்டும் செய்திருந்தால் அது அவனுடைய சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம். பல்லாவரத்தில் செய்தவனும் அத்திரம்பாக்கத்தில் செய்தவனும், அவர்களுக்கு எண்ணற்ற தலைமுறை பின்னே வந்தவனும், ஒரே மாதிரியாக அல்லவா செய்திருக்கிறார்கள்? நியாயஸ்தலத்தில் நேர்ச்சாட்சி இல்லாதபோது சூழ்நிலைச் சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதுண்டு. இவ்வழக்கிலும் அதுவே வழி. கல்லைக் கொத்தியவன் பக்கத்தில் மற்றொருவன் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அவன் பலமுறை பிழை செய்து கைகளைக் காயப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். கொத்தப் பழகும் நாட்களில் அவனுக்கு இரை கொடுத்துக் காத்தவர் வேறு சிலர் இருந்திருக்க வேண்டும். ஒரு கல்லுக்குப் பின்னே ஒரு கூட்டமே நிற்கிறது.

பறவை கூடு கட்டுவதைப் போல இவ்வடிவமும் பிறப்பிலேயே ஓரளவு கையில் ஊறியிருக்குமோ என்று ஐயுறும் அறிஞரும் இக்காலத்தில் உளர். நமக்கு அது சம்மதமில்லை. கிடைத்த கல்லின் தன்மைக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளும் வேலை, பழகிப் பெற்ற அறிவின் வேலை. சமூக சாஸ்திரிகள் இதைச் சமூகவயமாதல் என்பர். பிள்ளை தன் கூட்டத்தின் பாஷையையும் தொழிலையும் அச்சங்களையும் மரியாதைகளையும் தன்னுடையவையாகவே ஆக்கிக்கொள்ளும் செய்கைக்கு அது பெயர். இது குழந்தைப் பருவத்தோடு முடிவதுமன்று. நாம் கறுப்பங்கி தரித்து நியாயஸ்தலத்தில் முதன்முதல் நின்ற அன்று, எவரும் சொல்லாமலே குரல் தாழ்ந்தது. எங்கே தலை வணங்க வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்பதைப் பெரிய வக்கீல்களின் முதுகைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். ஓராண்டுக்குப் பின் அது நம் சொந்தச் சுபாவமே என்று எண்ணிக்கொண்டோம்!

ஃபூட் துரை கல்லை எடுத்து அளந்துவிட்டுப் போகிறவராக மட்டும் இருக்கவில்லை. பல்லாரிப் பக்கத்துக் குன்றுகளில் புதிய கற்காலத்தார் பெருந்திரளாகக் கோடரி செய்த பட்டறைகளைக் கண்டு விவரித்தார். கல் உடைப்பது, உருக் கொத்துவது, தேய்த்து மெருகிடுவது என்று வேலை பல படிகளாக நடந்த இடங்கள் அவை. அந்நாட்டிலுள்ள சாம்பல் மேடுகளைப் பற்றி ராட்சதர் கதைகள் முதல் பல ஊகங்கள் உலவின. அவை மாட்டுத் தொழுவத்துச் சாணம் எரிந்த மேடுகள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆல்ச்சின் என்னும் அறிஞர் 1963-ல் வெளியிட்ட நூல் அதனை உறுதிப்படுத்தியது. கர்நூல் பக்கத்துப் பில்ல சுர்கம் குகைகளில் 1884-ல் தம் புதல்வரோடு அகழ்ந்தார். 33 ஆண்டு உத்தியோகம் செய்து 1891-ல் ஓய்வு பெற்றபின், பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணி செய்துவிட்டு, ஏற்காட்டில் வந்து தங்கினார்.

சேர்வராயன் மலையில் அவர் கண்ட காட்சியே நம் சிந்தையைப் பெரிதும் கவர்கிறது. மெருகிட்ட கற்கோடரிகள் அம்மலையில் மிகுதி. உழும்போதும் மழை நீர் அரிக்கும்போதும் வெளிப்படும் அவற்றை மலைவாசிகள் எறிந்துவிடவில்லை. எடுத்துச் சென்று பிள்ளையார் முன்னே சேர்த்து வைத்தார்கள். மரம் வெட்ட ஒருவன் தேய்த்துக் கூராக்கிய கல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் பூஜைக்குரிய பொருளாயிற்று. கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. அதைச் சூழ்ந்த ஜனங்கள் மாறியிருந்தார்கள். பாட்டி அதன் முன் கைகூப்புவதைப் பார்க்கும் மலைக் குழந்தைக்கு அது சாமி என்று தனியே உபதேசம் செய்வாரில்லை, செய்யவும் வேண்டியதில்லை. அதே கல் துரையின் மேஜைக்கு வந்தபோது எண்ணிட்ட சான்றுப் பொருளாயிற்று. துரையும் எங்கோ ஒரு கூட்டத்தாரிடம் அவ்வாறு பார்க்கப் பழகியவர்தாமே?

அம்மலைவாசிகள் மலையாளிகள் என்று பெயர் பெற்றவர்கள். மலையை ஆள்பவர் என்று பொருள் கொள்வர். கேரள தேசத்தாரோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பலாகாது. தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார். மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்களுடைய பூர்வ கதை. மலையை நாடுகளாகப் பகுத்து, நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு மூப்பன் என்று தலைமை வகுத்து, கலியாணமும் வழக்கும் தீர்ப்பும் அவர்கள் முன்னே நடத்தி வந்தார்கள். பட்டக்காரர் இறப்பார்; பட்டம் இறப்பதில்லை. சமூக அமைப்பு என்று நூல்கள் சொல்வது இதைத்தான். ஆள் போனாலும் இடம் நிற்கும். இடத்துக்கு வந்தவன் அவ்விடத்துக்குரியவனாக ஆகிவிடுவான். காக்பர்ன் என்னும் சேலம் கலெக்டர் 1820-களில் இம்மலையில் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். பிறகு தோட்டங்கள் பெருக, துரை, கண்காணி, கூலி என்ற வேறோர் அமைப்பும் அதே மலைமேல் வந்து உட்கார்ந்தது. இவ்விரண்டாம் அமைப்பில் மலைமக்களுக்குக் கிடைத்த இடம் எது என்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஃபூட் துரை இருந்த இலாகாவும் ஓர் அமைப்பே. அவர் சேர்ந்து 22 ஆண்டுகள் கழித்து, 1880-ல்தான், பிரமதநாத போஸ் என்னும் வங்காளி அதில் உயர்தர உத்தியோகஸ்தரான முதல் இந்தியர் ஆனார். அதற்கு முன் இந்நாட்டில் பாறையைப் படிக்கும் கண் படைத்தவர் எவரும் பிறக்கவில்லையா? பிறந்தவர்களுக்கு அவ்விலாகாவில் இடமில்லை. 1903-ல் தலைமைப் பதவி காலியானபோது, போஸைத் தாண்டி அவருக்கு இளையவரான ஹாலந்து துரைக்கு அதைக் கொடுத்தார்கள். போஸ் ராஜிநாமாக் கொடுத்து வெளியேறினார். பின்னர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் இரும்புக்கனி இருப்பதை அவர் டாட்டா கம்பெனியாருக்குத் தெரிவித்ததும், ஜாம்ஷெட்பூர் எழுந்ததும் உலகறிந்தவை. ஹாலந்து துரை மேதையல்லர் என்று நாம் சொல்லவில்லை. சேர்வராயன் மலைக்கும் பல்லாவரத்துக்கும் பொதுவான சார்னக்கைட் என்னும் பாறைக்குப் பெயரிட்டவர் அவரே. ஆனால் தகுதியை அளந்த கோல் எது என்பதுதான் வழக்கு.

அக்கோலின் கொடிய முகம் மற்றோரிடத்தில் வெளிப்பட்டது. 1871-ல் அதே ராஜாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் செய்தது. சில ஜாதியார் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பது அதன் ஆதாரம். 1911-ல் அது விரிவாக்கப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்தது. குற்றம் செய்யாதவர்களும் போலீஸ் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, குறித்த வேளையில் ஆஜராகி நின்றார்கள். சுதந்திரத்திற்குப் பின் 1952-ல்தான் நாடு முழுவதும் அது ரத்தாயிற்று. மனிதன் எத்தொழிலையும் பிறரிடம் கற்றே பெறுகிறான் என்பதற்குப் பல லட்ச வருஷத்துச் சாட்சியம் ராஜாங்கத்தின் சொந்த உத்தியோகஸ்தரால் சேகரிக்கப்பட்டது. அதைத் திரும்பிப் பாராமல், குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்று சட்டம் எழுதினார்கள். ஆங்கிலேயரை மட்டும் நோவானேன்? இன்னின்னார் இன்னின்ன வேலைக்கே பிறந்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்து வந்தவர்கள் நாம். அப்பாடத்தையும் பிள்ளைகள் நம் வீட்டுத் திண்ணையில்தான் கற்றார்கள்.

துரையின் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், சென்னையில் தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவர், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவர் அப்பெரியார். அவர் 1882-ல் ஏற்காட்டிலேயே காலமானார். மாமனார் நாவில் வழங்கியவற்றைப் பொறுக்கினார். மருமகன் மண்ணில் புதைந்தவற்றைப் பொறுக்கினார். பாட்டன் பேரனுக்கு விட்டுச் சென்ற கருவிகள் என்ற முறையில் இரண்டும் ஒரே இனம். பத்திரிகைக்காரராகிய நமக்கு மாமனார் மீது சற்று அதிகப் பற்று ஏற்பட்டால் வாசகர் மன்னிப்பாராக.

நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பில், 400-க்கும் மிகுந்த இடங்களிலிருந்து துரை திரட்டிய தொகுதியைச் சென்னை மியூசியம் 1904-ல் விலைக்கு வாங்கியது. எந்த ஊரில் எந்தக் கல் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதும் வேலையை முதுமையிலும் விடாமல் செய்தார். அக்குறிப்புகள் 1914-லும் 1916-லும் இரு புத்தகங்களாக அச்சேறின. அவற்றைக் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் உயிர் நீத்தார். உடல் அங்கே தகனமாயிற்று. சாம்பல் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. சேர்வராயன் மலையிலிருந்து அவர் எடுத்த கற்கள் எழும்பூர் சென்றன.