உழைப்பைச் சிலையாக்கிய பெரியார்

மன்னரையும் தளபதியரையும் ஓவியத்தினும் சிலையினும் அமைத்துப் போற்றுதல் உலகத்துப் பழவழக்கு. உடல் தேய உழைப்போர் அப்பெருமையை அரிதாகவே பெற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் தோமியே, செய்ன் நதியில் துணி வெளுத்துவிட்டு, ஒரு கையில் சுமையும் மறு கையில் குழந்தையுமாகக் கரைப்படி ஏறும் ஏழைத் தாயொருத்தியைத் தீட்டினார். அத்தகைய நோக்கினைச் சென்னைக் கடற்கரையில் வெண்கலத்தில் நிலைநாட்டியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஆவார்.

இவர் 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், இன்று வங்காள தேசத்திலுள்ள ரங்கபூரைச் சார்ந்த தாஜ்ஹாட்டில் பிறந்தார். அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய ராய் சௌத்ரியிடம் சிற்பமும் பயின்றார். மற்போரிலும் வேட்டையிலும் குழலிசையிலும் ஈடுபாடு மிக்கவர். தாய்மொழியில் கதைகளும் எழுதினார். மற்போர் பயின்றவராதலின், நரம்பும் தசையும் முறுக்கேறும் வகையினை அவர் நன்கறிந்திருந்தார் என்பதில் வியப்பில்லை.

1850-இல் தோன்றிய சென்னை ஓவியக் கலாசாலைக்கு 1929-இல் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் இவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குப் பணியாற்றி, கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலிய மாணவரை உருவாக்கினார். 1954-இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

எனினும் அவர் உள்ளம் எளியோரையே நாடியது. பசியால் வாடியோரை வெண்கலத்தில் வடித்தார். 1942-இல் கொடியேற்றச் சென்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான இளைஞர் எழுவரைப் பாட்னாவில் சிலைகளாக நிறுத்தினார். 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் மெரினாவில் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையோ அவர்தம் படைப்புக்களுள் தலையாயது. இந்தியாவின் முதல் மே தின விழாவினை 1923-இல் சிங்காரவேலர் நடத்தியதும் இக்கடற்கரையிலேயே என்பது நினைக்கத்தக்கது.

அச்சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். கலாசாலைக் காவலாளர் ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றனர் என்பர். வெற்றி எனப் பெயர் பூண்ட அச்சிலையில் பாறை இன்னும் பெயர்ந்திலது! வளைந்த முதுகும் ஊன்றிய காலும் ஒருமித்த மூச்சுமே காணப்படுகின்றன. பயன் கைகூடுமுன்னரே, பலர் ஒன்றுகூடி முயலும் அந்நிலையிலேயே வெற்றி உளதென்பது சிற்பியார் கருத்துப்போலும்.

1975-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். தாம்பரத்தினின்று இரயிலேறிச் செல்லும் நாம், திரிசூலத்தையும் பல்லாவரத்தையும் கடக்கும்போது, வெட்டுண்ட குன்றுகளைக் காண்கின்றோம். அக்கற்களை உடைத்த கைகளை எண்ணிப் பார்த்தோமா? நாம் பயிலும் கூடங்களும் நடக்கும் சாலைகளும் பெயரறியாத பலர்தம் வியர்வையால் எழுந்தவை அல்லவோ? தோழர்காள்! அடுத்தமுறை கடற்கரைக்குச் செல்லுங்கால், காற்று வாங்குமுன் அந்நால்வர்முன் சற்றே நின்மின். பின்னர், கல் சுமக்கும் உயிருள்ள மனிதர் எதிர்ப்படின், அவர் முகத்தையும் அவ்வாறே நின்று நோக்குமின். அதுவே சிற்பியார்க்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.