ஹாப்கின்

தூத்துக்குடியை அடுத்த கடற்பார்களில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், கரையிலே பல்லாயிரவர் வந்து கூடுவர். மணல்வெளியில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்து ஒரு நகரமே தோன்றிவிடும். ஆயின், மாசுற்ற நீரின் வழியே வாந்திபேதி புகுந்துவிட்டால், முத்தை நாடி வந்தோர் உயிரையே இழப்பர். 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டை வாட்டிய இக்கொடுநோயை எதிர்த்துப் போராடக் கடல் கடந்து வந்தவர், வால்டெமார் ஹாப்கின் என்னும் அறிஞர்.

அவர் 1860ஆம் ஆண்டில், கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதக் குடியிற் பிறந்தார். பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். பக்குவப்படுத்திய நோய்க்கிருமியை உடலிற் செலுத்தினால், உடல் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் பெறும் என்பது அவர் துணிபு. இதனைக் கினிப்பன்றி, முயல், புறா ஆகியவற்றிடம் சோதித்தார். முதலில் தடுப்பு மருந்தையும், பின்னர்க் கொடிய கிருமிகளையும் செலுத்தினார். மருந்து பெற்றவை நோயை வென்று பிழைத்தன. எனினும், விலங்கிற்குத் தீங்கு செய்யாத மருந்து மனிதர்க்கும் தீங்கு செய்யாது என்று எங்ஙனம் துணிவது? அவ்வையத்தை நீக்க, 1892 ஜூலை 18ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, பல்லாயிரவர்க்கு ஊசி குத்தினார்.

1896இல் பம்பாயில் பிளேக்கு நோய் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரம் ஒன்றே ஹாப்கினுக்கு ஆராய்ச்சிக்கூடமாயிற்று. வெப்பத்தாற் கொன்ற கிருமிகளைக் கொண்டு மருந்து செய்து, முயல்களிடம் சோதித்தார். 1897 ஜனவரி 10ஆம் நாள், இம்முறையும் தம் உடலையே முதலிற் சோதனைக்கு உட்படுத்தினார்.

1902இல் அவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில், ஒரே குப்பியிலிருந்து ஊசி குத்தப்பெற்ற 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். பழி ஹாப்கின்மேல் விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. அவர் மனந்தளராது சான்றுகளைத் திரட்டினார். நோய்க்கிருமி ஆராய்ச்சிக்கூடத்திற் புகவில்லை, குப்பியைத் திறந்த இடத்திலேயே புகுந்திருத்தல் கூடும் என்று ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் எடுத்துக்காட்டினர். 1907இல் பழி நீங்கியது. ஹாப்கின் மீண்டும் இந்தியாவிற்கே வந்து தொண்டாற்றினார். 1925இல் பம்பாய் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைப் பூண்டது. 1930இல் அவர் சுவிட்சர்லாந்தில் மறைந்தார்.

இன்று புற்றுநோயை ஆராய்வோரும் இத்தகைய நெறியையே மேற்கொள்கின்றனர். பெருகும் ஆற்றல் அழிக்கப்பெற்ற கட்டியின் உயிரணுக்களை முதலில் எலிகளுக்குச் செலுத்துகின்றனர். பின்னர் உயிருள்ளவற்றைச் செலுத்தி, உடல் அவற்றை எதிர்க்கின்றதா என்று நோக்குகின்றனர். சோதித்துத் தெளியாத எதனையும் பிறர்க்கு அளித்தலாகாது என்பதே ஹாப்கின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.