ஒரு ரூபாய்ச் சம்பளம்

தேர்வுக் காலம் வந்தால் நம் காலனி வீடுகளில் பெரியவர்கள் தவறாமல் எடுத்துரைக்கும் கதை ஒன்றுண்டு. தெருவிளக்கின் கீழமர்ந்து படித்து உயர்நீதிமன்ற நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயரின் கதை அது. கேட்கும் பிள்ளை தன் மேசை விளக்கைக் குற்றவாளிபோல் ஒருமுறை நோக்கிவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும். தெருவிளக்கு ஊரார் அனைவர்க்கும் பொதுவாகவே எரிந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்வதில்லை. அவ்வாழ்வில் இளைஞர் கருதத்தக்கது வேறு.

தஞ்சை மாவட்டத்தில் 1832ஆம் ஆண்டு பிறந்த முத்துசாமி இளமையிலேயே தந்தையை இழந்தார். திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக அமர்ந்தார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். சில ஆண்டுகளில் அன்னையும் மறைந்தார்.

அங்குத் தாசில்தாராயிருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருநாள் ஆற்றில் உடைப்பெடுத்ததென்று செய்தி வந்தது. விவரமறிந்துவர வேறு ஆள் இல்லாமையால் இச்சிறுவனை அனுப்பினார். அவனோ, அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடை திரட்டிக்கொண்டு திரும்பினான். நாயக்கர் உடனே நம்பிவிடவில்லை. பின்னர் மூத்த எழுத்தர் வாயிலாகச் சரிபார்த்தார். சிறுவன் சொன்னதே சரியாயிருந்தது. ஒரு ரூபாய்ச் சம்பளக்காரனிடம் அத்தனை விவரத்தை எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். எதிர்பாராத இடத்திலும் வேலையை முழுமையாகச் செய்தமையே அவர் வாழ்வின் திருப்பம்.

நாயக்கர் உறவினருமல்லர், ஒரே குலத்தாருமல்லர். ஆயினும் அவரே முன்னின்று ஆங்கிலக் கல்விக்கு வழி செய்து, பின் சென்னைக்கும் அனுப்பிவைத்தார். (ஓர் அறிமுகக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லி வந்திறங்கியோர்க்கு இதன் அருமை விளங்கும்.) சென்னையில் பவல் துரை அம்மாணவரிடம் தனி அன்பு காட்டினார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் கிட்டிய பரிசு 500 ரூபாய். பழைய கணக்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சம்பளம்!

ஆசிரியர், முன்சீப், போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் பதவிகள் வளர்ந்தன, படிப்பு நிற்கவில்லை. சட்ட நூல்களைப் பயில ஜெர்மன் மொழியும் கற்றார்.

1878இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார்; அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அந்நியமனத்தைச் சாடின. அதைப் பொறாத திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர், கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவைக் கொண்டு 80 பிரதிகள் அச்சிட்டு ஒரு வார ஏடு தொடங்கினர். அதுவே 'தி இந்து'. முன்னர் ஒருவர் அவருக்குத் துணை நின்றார். இப்போது, கையில் காசில்லாத அறுவர்.

1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்து, 1895 ஜனவரியில் மறைந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் அவரது சலவைக்கல் உருவம் அமர்ந்திருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகள் காண வாய்த்தால் கால்களைப் பார்க்க வேண்டும். சிற்பி அவற்றுக்குச் செருப்பு அணிவிக்கவில்லை.