மீறாப்பட்டணத்து நிக்கொலாஸ் அத்தியட்சர்

டிசம்பர் மாதத்து இரவுகளில் இராயப்பேட்டைத் தெருக்களில் கீதம் பாடிச் செல்லும் கூட்டத்தாரோடு, செவ்வாடையும் வெண்டாடியும் பூண்ட முதியவர் ஒருவர் ஆடிவருதலை நம்மிற் பலர் கண்டிருப்பர். சிறுவர் அவரைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்றழைத்து, அவர் கையினின்றும் மிட்டாய் பெற்று மகிழ்வர். அவ்வேடத்திற்கு மூலமாய் நின்ற மனிதர் ஒருவர் உண்டு என்பதையும், அவர் பனி மூடிய வடதேசத்தார் அல்லர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

நிக்கொலாஸ் என்னும் அப்பெரியார், இக்காலத்துத் துருக்கி நாட்டின் தென்கரையாகிய லீசியாவில், பத்தாரா என்னும் துறைமுகப்பட்டினத்திலே செல்வக்குடியிற் பிறந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. இளமையிலேயே பெற்றோரை இழந்தனர். பின்னர் அருகிலுள்ள மீறாப்பட்டணத்தின் அத்தியட்சரானார். பவுல் அப்போஸ்தலர் கைதியாய் ரோமாபுரிக்குச் செல்லுகையில் கப்பல் மாறிய பட்டணம் இதுவே. 303-ஆம் ஆண்டில் தொடங்கிய துன்புறுத்தலில் நிக்கொலாஸ் சிறைப்பட்டார் என்றுங் கூறுவர். குற்றமற்ற மூவர் வெட்டுண்ணும் தறுவாயில் ஓடிச்சென்று கொலைவாளைத் தடுத்தார் என்பது அவரைப்பற்றிய மிகப் பழைய வரலாறுகளுள் ஒன்று. அவர் எழுதிய நூல் யாதும் நமக்குக் கிடைத்திலது. பிற்காலத்தார் எழுதிவைத்தனவே உள.

அவற்றுள் மிகச் சிறந்தது மூன்று பெண்களின் கதை. செல்வமிழந்த ஒருவனுக்குப் பெண்கள் மூவர் இருந்தனர். சீதனங் கொடுக்க வழியின்மையால் அவர்களை இழிதொழிலுக்கு விற்கவுந் துணிந்தான் அத்தந்தை. இதனைக் கேள்வியுற்ற நிக்கொலாஸ், நள்ளிரவிற் சென்று, பொற்காசு முடிப்பொன்றைச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டு மறைந்தார். மூத்தவளுக்கு மணம் நிறைவேறிற்று. இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை, விழித்துக் காத்திருந்த தந்தை ஓடிவந்து அவரைக் கண்டுகொண்டான். இதனை எவரிடமும் வெளியிடலாகாதென்று அவனிடம் உறுதி வாங்கிக்கொண்டே நிக்கொலாஸ் திரும்பினார்.

அவர் நான்காம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், டிசம்பர் 6-ஆம் நாள் காலமாயினர் என்பர். 1087-இல் இத்தாலி நாட்டுப் பாரி நகர மாலுமிகள் அவர் எலும்புகளைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். ஐரோப்பாவெங்கும் அவர் திருநாள் பரவிற்று. ஒல்லாந்தச் சிறுவர், டிசம்பர் 5-ஆம் நாள் மாலை தம் பாதரட்சையை வைத்து அவர் பரிசுக்குக் காத்திருப்பர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியவரும், பின்னர் இலங்கைக் கரையை ஆண்டவரும் இவ்வொல்லாந்தரே. அவர்தம் வழித்தோன்றல்கள் 1908-இல் கொழும்பில் நிறுவிய சங்கமும் சிறுவர்க்காக இவ்விழாவைக் கொண்டாடி வந்தது. அமெரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தரின் வழக்கமே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸ் இரவோடு இணைந்து, இன்றைய தாத்தாவின் உருவம் பெற்றது.

நண்பர்களே, அக்கதையில் ஒன்று கருதற்பாலது. பொன் பெண்களின் கையில் வைக்கப்படவில்லை. தந்தையின் இல்லத்தினுள்ளே விழுந்தது. அவன் தன் மக்களுக்குத் தானே மணம் முடித்தான். ஊரார் முன் அவன் தலை குனியவில்லை. பொருளைக் காட்டிலும் இதுவே பெருங்கொடை.

மாணாக்கராகிய நாமும் கிறிஸ்துமஸ் காலத்தில் எளிய சிறார்க்கு ஆடையும் புத்தகமும் வழங்குகிறோம். ஆயின் அவர்களை வரிசையில் நிறுத்தி, பரிசைக் கையிற் கொடுத்து, படம் பிடித்து, அப்படத்தை எங்கும் பரப்புகிறோம். அச்சிறுவன் வளர்ந்த பின்னும், பிறரிடம் கையேந்தி நின்ற அப்படம் அழியாது. அன்று அவன் தாயும் தந்தையும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றனர் என்பதை நாம் நோக்குவதில்லை. அப்பரிசுகளை முன்னாளிலேயே பெற்றோரிடம் மறைவாய்ச் சேர்ப்பித்தால் என்ன? கிறிஸ்துமஸ் காலையில் தந்தை தன் கையாலேயே மகனுக்குப் புத்தாடை அளிப்பான். மகன் நம் பெயரை அறியான்; தன் தந்தை கொடுத்தான் என்பதையே அறிவான். மீறாப்பட்டணத்து அத்தியட்சர் இருளை நாடிச் சென்றது இதன்பொருட்டேயாம்.