ஸர் பட்டத்தைத் துறந்த மணி ஐயர்

அரிமளம் முதலாய நம் பக்கத்து ஊர்களில் அரசியல் பேசும் இளைஞர் பலர், மதுரை ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பதை அறிந்து நாம் வருந்துகிறோம். மணி ஐயர் என்று அன்று தென்னாடு முழுதும் வழங்கிய பெயர் அது.

1842-ம் ஆண்டு பிறந்த அன்னார் குழந்தைப் பிராயத்திலேயே தந்தையை இழந்தார். மதுரையில் ஒரு கச்சேரிக் குமாஸ்தாவாகத் தொடங்கி, உத்தியோகத்திலிருந்தவாறே சட்டம் பயின்று, 1869-ல் வக்கீலானார். 1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் வீற்றிருந்த 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். பின்னர்ச் சென்னையில் சர்க்கார் வக்கீல் பதவி, 1895-ல் ஹைக்கோர்ட்டு நீதிபதி ஸ்தானம், மும்முறை தற்காலிகப் பிரதம நீதிபதி ஸ்தானம், 1900-ல் ஸர் பட்டம். நம் வக்கீல் தொழிலில் ஒரு மனிதன் விரும்பத்தக்கவை யாவும் கிட்டிவிட்டன. இவ்வளவு கிட்டியவர் பென்ஷனும் பெற்று, ஈசுவரத் தியானத்தில் காலங்கழிப்பதே உலக வழக்கு. நாம் அத்தகையோர் பலரைக் கண்டிருக்கிறோம்.

மணி ஐயரோ 1916-ல், எழுபது கடந்த வயதில், அன்னி பெஸண்ட் அம்மையாரின் ஹோம் ரூல் சங்கத்துக்குக் கௌரவத் தலைவரானார். 1917 ஜூன் மாதம் அம்மையாரைச் சென்னைச் சர்க்கார் காவலில் வைத்தது. உடனே அன்னார் அமெரிக்கத் தலைவர் வில்ஸனுக்கு ஒரு நிருபம் வரைந்தார். உலகில் ஜனநாயகத்தைக் காக்கவே போரில் இறங்கியதாகக் கூறும் அமெரிக்கா, இந்தியாவின் அடிமை நிலையையும் நோக்கவேண்டுமென்பது அதன் சாரம். தபால் தணிக்கைக்கு அகப்படாவண்ணம், ஹாட்ச்னர் என்ற அமெரிக்க நண்பரும் அவர் மனைவியும் அதைக் கைப்பட எடுத்துச் சென்றனர்.

1918-ல் விஷயம் பகிரங்கமாயிற்று. இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டிலேயே அன்னாரை இழித்துரைத்தார். ஒரு முன்னாள் நீதிபதி இவ்வாறு செய்யலாமா என்பது ஆங்கிலேயரின் சினம். எழுதியதை மறுக்கவோ, மன்னிப்புக் கோரவோ அவர் இசையவில்லை. ஸர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் திருப்பியனுப்பினார். தாகூர் தமது பட்டத்தை உதறியது மறு ஆண்டில்தான் என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. முன்மாதிரி நம் மதுரைக்காரருடையது.

சட்டமன்ற மேடையில் முழங்கும் சக வக்கீல்களிடம் நாம் கேட்க விரும்புவதொன்று: கிடைத்ததைத் திருப்பித் தரும் துணிவு நம்முள் எத்தனை பேருக்குண்டு? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

1924 டிசம்பரில் அன்னார் காலமானார். சென்னைக் கடற்கரையை அடுத்த ஸெனட் மாளிகையின் முன் அவர் சிலை இருக்கிறது. அவ்வழிச் செல்வோர் ஒரு கணம் நின்று பெயரைப் படித்துப் பார்க்கலாம்.