சுருங்கச் சொன்ன செகாவ்

ரஷ்யச் சிறுகதை உலகின் பேராசானாகப் போற்றப்படும் ஆன்டன் செகாவ், 1860ஆம் ஆண்டு தாகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக வாழ்ந்து, பொருள் கொடுத்துத் தம் குடும்பத்தை மீட்டவர். தந்தையாரின் மளிகைக்கடை நொடித்தது; கடன்காரர்களுக்கு அஞ்சி அவர் 1876இல் மாஸ்கோவுக்குச் சென்றார். செகாவ் மட்டும் பள்ளிப்படிப்பை முடிப்பதற்காக ஊரிலேயே தங்கி, பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

1879இல் மாஸ்கோவில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தபோது குடும்பச் சுமையும் அவர் தோளில் ஏறியது. நகைச்சுவை இதழ்களுக்குப் புனைபெயரில் கதைகள் எழுதினார். அவர் மிகுதியாக எழுதிய இதழொன்றில் ஒரு கதைக்கு ஏறத்தாழ நூறு வரிகளே இடம். வரிக்கணக்கில் கூலி பெறுபவருக்கு நீட்டி எழுதவே மனம் வரும். அவருக்கோ அதற்கு வழியில்லை. நீண்ட முன்னுரையைத் துறந்து, நிகழ்ச்சியின் நடுவே கதையைத் தொடங்கும் பழக்கம் இந்நெருக்கடியில் விளைந்ததே.

1886 மார்ச்சில், முதுபெரும் எழுத்தாளர் கிரிகரோவிச்சிடமிருந்து எதிர்பாராத மடலொன்று வந்தது. அரிய ஆற்றலை அவசர எழுத்தில் வீணாக்க வேண்டாமென அவர் அறிவுறுத்தியிருந்தார். எந்தக் கதைக்கும் ஒருநாளுக்குமேல் செலவிட்டதில்லை என்று செகாவ் மறைக்காமல் விடையெழுதினார். பின்னர் ‘ஸ்தெப்பி’ என்னும் நெடுங்கதையை நிதானமாக எழுதி 1888இல் வெளியிட்டார். அவ்வாண்டே புஷ்கின் பரிசும் கிடைத்தது.

தாம் கற்றதைப் பிறருக்குச் சொல்ல அவர் நூலெதுவும் இயற்றவில்லை. மடல்களே அவருடைய வகுப்பறை. நிலவொளியை வருணிக்க அடைமொழிகளை அடுக்க வேண்டாம், அணைக்கரையில் மின்னும் உடைந்த புட்டித்துண்டு ஒன்றைக் காட்டினால் இரவு தானே விளங்கும் என்று அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதினார். மாக்சிம் கார்க்கிக்கோ, அடைமொழிகளை அடித்துவிடுமாறு கூறினார். ஒருவன் புல்லில் அமர்ந்தான் என்றால் படிப்பவர் மனம் உடனே பற்றிக்கொள்ளும். அவனுடைய உயரம், மார்பு, தாடி, புல்லின் நிலை அனைத்தையும் ஒரே தொடரில் ஏற்றினால் மனம் களைத்துவிடும் என்பது அவர் தந்த விளக்கம்.

லிதியா அவிலோவா என்னும் எழுத்தாளருக்குக் கூறியது இன்னும் கடினமானது. துயருற்றோரை எழுதுகையில் எழுத்தாளர் உள்ளம் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அத்துயரம் எடுப்பாகத் தெரியும் என்றார். இது இரக்கமின்மை அன்று. 1886இல் அவர் எழுதிய ‘துயரம்’ கதையில், மகனை இழந்த வண்டிக்காரர் தம் வேதனையைக் கேட்பாரின்றி இறுதியில் குதிரையிடம் சொல்கிறார். ஆசிரியர் ஒரு சொல்லாலும் அழவில்லை, படிப்பவர் கலங்குகிறார்.

1899இல் தம் படைப்புகளின் உரிமையை 75,000 ரூபிளுக்குப் பதிப்பாளர் மார்க்ஸிடம் விற்றபோது, இளமைக்காலக் கதைகளையெல்லாம் மீண்டும் படித்துத் திருத்த நேர்ந்தது. காசநோய் முற்றி யால்டாவில் வாழ்ந்த அவர், பிறருக்குச் சொன்ன அளவுகோலைத் தம்மீதும் வைத்தார். பல கதைகளைச் சுருக்கினார்; பலவற்றைத் தொகுதியில் சேர்க்கவே மறுத்தார். 1904 ஜூலையில் ஜெர்மனியின் பாடன்வைலர் நகரில், 44ஆம் வயதில் காலமானார்.